மறவா நினைவகமும் மறக்கும் கேஷும்

இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

மனிதனுக்கு மறதி இயற்கை. கணிப்பொறிக்கோ மறதி மின்சாரத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் உள்ளவரை கோடிக்கணக்கான எண்களை இம்மியும் பிசகாமல் ஏந்தியிருக்கும் நினைவகம், மின்சாரம் நின்றதும் அத்தனையையும் உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறது. அரை மணி நேரம் தட்டச்சு செய்த நிரல் ஒரு மின்வெட்டில் பறிபோவதைக் கண்டிராத மாணவர் நம்மில் மிகச் சிலரே. "சேமித்தாயா?" என்று பேராசிரியர் கேட்கும் கேள்விக்குப் பொருள் என்ன? நினைவகத்தில் உள்ளதை வட்டுக்கு அனுப்பினாயா என்பதே.

நினைவகமே மறவாததாக அமைந்துவிட்டால், சேமிப்பது என்னும் தனி வேலையே வேண்டாமல்லவா? அப்படித்தான் எண்ணத் தோன்றும். ஆனால் மறவா நினைவகம் வந்த பின்னும் அந்தக் கேள்வி ஒழியவில்லை, முன்னிலும் நுட்பமாயிற்று. அது எவ்வாறு என்பதையும், நிரலாளர்கள் அதற்குக் கண்ட விடைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உண்மையில் மறவா நினைவகம் புதிதன்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'வேர்ல்விண்ட்' என்னும் கணிப்பொறியில் காந்த வளைய நினைவகம் பொருத்தப்பட்டது. சின்னஞ்சிறு ஃபெரைட் வளையங்களைப் பூத்தொடுப்பதுபோல் கம்பியில் கோத்துச் செய்யப்பட்டது அது. ஒவ்வொரு வளையமும் வலமாகவோ இடமாகவோ காந்தமேறி ஒரு பிட்டைக் காக்கும். மின்சாரம் நின்றாலும் காந்தம் போகாது. 1970இல் இன்டெல் நிறுவனம் 1103 என்ற குறைகடத்திச் சில்லை வெளியிட்டது. இதில் ஒரு பிட் என்பது மிகச் சிறிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டமாகும். ஓட்டைக் குடத்து நீர்போல் அது கசிந்துகொண்டே இருக்கும். அடிக்கடி நிரப்ப வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் டைனமிக் நினைவகமும் இவ்வகையே. ஏறக்குறைய 64 மில்லிநொடிக்கு ஒரு முறை எல்லா அறைகளும் புதுப்பிக்கப்படுகின்றன. விலை மலிந்தது; கொள்ளளவு பெருகியது; நினைவாற்றல் போயிற்று!

போன ஆற்றலை மீட்கும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, 2015ஆம் ஆண்டு ஜூலையில் இன்டெல், மைக்ரான் நிறுவனங்கள் அறிவித்த '3டி கிராஸ்பாயின்ட்' தொழில்நுட்பம். 2019 ஏப்ரலில் இதனைக் கொண்டு 'ஆப்டேன்' என்ற பெயரில் 128, 256, 512 ஜிகாபைட் அளவுள்ள நினைவகப் பலகைகளை இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண நினைவகம் செருகும் இடத்திலேயே இவற்றைச் செருகலாம். வட்டுக்குரிய நீண்ட சடங்குகள் ஏதுமின்றி, ஒரு மாறிக்கு மதிப்பைத் தருவதுபோல் எழுதிவிடலாம். மின்சாரம் போனாலும் எழுதியது இருக்கும்.

வணிகத்தில் இது நிலைக்கவில்லை. 2022 ஜூலையில் இன்டெல் இத்தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. பின் எதற்கு இந்தப் பேச்சு என்று நண்பர்கள் வினவலாம். சாதாரண நினைவகத்தோடு ஃபிளாஷ் சில்லையும் அவசர மின்சேமிப்பையும் இணைத்த பலகைகள் வேறு உண்டு. 2020இல் வெளிவந்த சி.எக்ஸ்.எல். 2.0 இணைப்பு நெறியிலும் மறவா நினைவகத்திற்கு இடம் வகுத்திருக்கிறார்கள். ஆர்ம் வகைச் செயலிகளிலும் இதற்கெனத் தனிக் கட்டளை இருக்கிறது. அன்றியும், நாம் பேசப்போகும் சிக்கல் ஆப்டேனுடையது அன்று. நம் ஒவ்வொரு கணிப்பொறியிலும் உள்ள கேஷ் நினைவகத்தினுடையது.

கேஷ் என்றதும் பணம் நினைவுக்கு வரும். இது வேறு. ஒளித்துவைத்தல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. 1965இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மாரிஸ் வில்க்ஸ் இக்கருத்தை வெளியிட்டபோது இதனை 'அடிமை நினைவகம்' என்றே அழைத்தார். ஐ.பி.எம். நிறுவனம் 1968இல் அறிவித்த 360 வரிசையின் 85ஆம் மாதிரியில்தான் இது வணிகக் கணிப்பொறிக்குள் வந்தது. செயலியோ மிகு விரைவு உடையது; முதன்மை நினைவகமோ அதற்கு ஈடுகொடுக்க மாட்டாதது. ஒரு சொல்லைக் கொண்டுவர நினைவகம் ஏறத்தாழ நூறு நானோநொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் செயலி நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்துவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே சிறிய, மிக விரைவான நினைவகம் ஒன்றை வைத்தார்கள். செயலி எழுதுவதெல்லாம் முதலில் இதில்தான் விழுகிறது. ஓய்வு கிடைக்கும்போதோ, இடம் போதாதபோதோ, கேஷ் தன்னிடமுள்ளதை நினைவகத்துக்கு அனுப்பும். எப்போது அனுப்பும்? எதை முதலில் அனுப்பும்? அது கேஷின் விருப்பம். நிரலாளனைக் கேட்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் ஊர் அரிசி மண்டியே உதவிற்று. பகலெல்லாம் வண்டியிலிருந்து மூட்டை இறங்க இறங்க, கணக்குப்பிள்ளை துண்டுச் சிட்டையில் கோடு போட்டுக்கொண்டே போவார். பேரேட்டைத் திறந்து ஒவ்வொரு மூட்டைக்கும் வரி எழுதினால் வண்டிகள் தெருவில் நிற்கும். மாலையில் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். அங்கே மூட்டை சுமக்கும் என் தந்தையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆனால் கேஷின் இலக்கணம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "சிட்டையில இருந்தா கணக்கு இல்லடா, பேரேட்டுல ஏறினாத்தான் கூலி" என்பார். சிட்டை காற்றில் பறந்தாலும் மழையில் நனைந்தாலும் அன்றைய உழைப்புக்குச் சாட்சி இல்லை. மின்சாரம் போனால் கேஷில் உள்ளதும் அப்படியே. பேரேடு மறவாதது, சிட்டை மறக்கும். மறவா நினைவகம் வாங்கிவந்து பொருத்தியவனும், தான் எழுதியது கேஷைத் தாண்டிற்றா என்று பார்க்காவிட்டால், பேரேடு வாங்கிப் பூட்டிவைத்தவனே ஆவான்.

இழப்பு மட்டுமானால் பரவாயில்லை. கடைசிச் சில வரிகள் போயின என்று மறுபடி எழுதிக்கொள்ளலாம். வரிசை மாறுவதே பெருங்கேடு. ஒரு மதிப்பெண் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் 64 பைட் அளவில் ஒரு பதிவு. தொடக்கத்தில் 'இதுவரை எத்தனை பதிவுகள்' என்று ஓர் எண்ணிக்கை. நாற்பது பதிவுகள் முடிந்துவிட்டன. நிரல் நாற்பத்தொன்றாம் பதிவை எழுதுகிறது. பின் எண்ணிக்கையை 41 ஆக்குகிறது. இரண்டும் கேஷில் இருக்கின்றன. கேஷோ தன் வசதிக்கேற்ப எண்ணிக்கையை முதலில் நினைவகத்துக்கு அனுப்பிவிடுகிறது. அந்தக் கணத்தில் மின்சாரம் நின்றுவிட்டது! மறுபடி இயக்கும்போது பதிவேடு 'என்னிடம் 41 பதிவுகள் உள்ளன' என்று அடித்துச் சொல்லும். நாற்பத்தொன்றாம் இடத்தில் இருப்பதோ அதற்கு முன் அங்கே கிடந்த குப்பை. எந்தப் பிழைச் செய்தியும் வராது. அந்த மாணவர் யாராக இருப்பார் என்பதை நினைத்தால் இது வெறும் பொறியியல் நுணுக்கமாகத் தோன்றாது.

இதற்கு மருந்து உண்டு. கேஷ் நினைவகம் 'வரி' என்னும் 64 பைட் துண்டுகளாகவே பொருளைக் கையாள்கிறது. இன்ன வரியை இப்போதே நினைவகத்துக்கு அனுப்பு என்று செயலிக்கு ஆணையிடும் கட்டளைகள் இன்டெல் செயலிகளில் மூன்று உள்ளன. மூத்தது சி.எல்.ஃபிளஷ். ஒரு வரியை அனுப்பி, கேஷிலிருந்து நீக்கியும் விடும். ஆனால் இக்கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும்; முன்னது முடியும்வரை பின்னது காத்திருக்க வேண்டும். அடுத்தது சி.எல்.ஃபிளஷ்.ஆப்ட். இதில் பல வரிகள் ஒரே நேரத்தில் பயணப்படலாம். மூன்றாவது சி.எல்.டபிள்யூ.பி.; வரியை அனுப்பிய பின்னும் அதன் படியைக் கேஷிலேயே வைத்திருக்க இடம் தருவது. பின்னிரண்டும் முறை பார்க்காமல் முந்தியடித்துக்கொண்டு ஓடக்கூடியவை. ஆகையால் எஸ்.ஃபென்ஸ் என்ற வேலிக் கட்டளை ஒன்று வேண்டும். வேலிக்கு முன் புறப்பட்டவை சேர்ந்த பிறகே வேலிக்குப் பின் உள்ளவை நகரும்.

நம் பதிவேட்டின் சரியான முறை இப்போது தெளிவாகும். முதலில் பதிவை எழுது; அதன் வரியை அனுப்பு; வேலி போடு. பிறகே எண்ணிக்கையை மாற்று, அதையும் அனுப்பு, மீண்டும் வேலி. நேராக அமைந்த 8 பைட் எண்ணை எழுதும்போது பாதியில் மின்சாரம் போனாலும் பழையது முழுமையாக இருக்கும், அல்லது புதியது முழுமையாக இருக்கும், அரைகுறை இராது. எனவே எண்ணிக்கையை 8 பைட்டுக்குள் அடக்குவது அறிவுடைமை.

'அனுப்பு' என்றால் எதுவரை? நினைவகச் சில்லுவரை என்று எண்ணினோமானால் தவறு. நினைவகத்தை ஆளும் கட்டுப்பாட்டுப் பகுதியில் எழுதவேண்டியவற்றின் வரிசை ஒன்று நிற்கிறது. ஏ.டி.ஆர். என்னும் ஏற்பாடுள்ள பொறிகளில், மின்சாரம் நின்ற பிறகும் மின்வழங்கியில் மிஞ்சியிருக்கும் ஆற்றலைக் கொண்டு அந்த வரிசை முழுவதும் எழுதி முடிக்கப்படும். ஆக, வரிசையில் சேர்ந்துவிட்டாலே பிழைத்தது எனலாம். அந்த வரிசையையும் வெளியேற்ற பி.கமிட் என்றொரு கட்டளையை இன்டெல் முதலில் வகுத்திருந்தது, ஏ.டி.ஆர். இருக்கும்போது அது தேவையில்லை என்று 2016இல் அதைக் கைவிட்டது. பிறக்கு முன்னரே ஓய்வு பெற்ற கட்டளை அது ஒன்றாகத்தான் இருக்கும்!

இதுவரை பிழையின்மை பற்றிப் பார்த்தோம். இனி விரைவு. எனக்கு இதில் மிகச் சுவையாகப் பட்ட பகுதி இதுவே.

4096 பைட் கொண்ட ஒரு தொகுதியை மறவா நினைவகத்துக்கு நகலெடுக்க வேண்டும். வழிகள் இரண்டு. ஒன்று, வழக்கம்போல் கேஷ் வழியாக எழுதி, 64 வரிகளையும் சி.எல்.ஃபிளஷ்.ஆப்ட் கொண்டு அனுப்புவது. மற்றொன்று, கேஷைத் தொடாமலே எழுதுவது. இதற்கென மூவ்.என்.டி.ஐ. முதலிய கட்டளைகள் உண்டு. எழுதும் பொருள் சிறு இடைக்கலங்களில் 64 பைட்டாகத் திரண்டு நேரே நினைவகத்துக்குப் போகும். மண்டிக் கணக்கில் சொன்னால், சிட்டையே இல்லாமல் பேரேட்டில் எழுதுவது.

ஏட்டறிவு கொண்டு தீர்ப்புச் சொன்னால் இரண்டாவதே வெல்லும். ஏனெனில் கேஷ் வழி எழுதும்போது, எழுதுமுன் அந்த வரியை நினைவகத்திலிருந்து ஒரு முறை படித்துக் கொண்டுவருவது கேஷின் வழக்கம்; நிரலாளன் வரி முழுவதையும் மாற்றப்போகிறான் என்பது அதற்குத் தெரியாது. ஆக 4096 பைட் எழுத, 4096 பைட் வீணாகப் படிக்கப்படும். அதிலும் ஆப்டேனில் படிப்பது, சாதாரண நினைவகத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும் வேலை. நேர்வழிக்கு இந்தச் செலவு இல்லை. இன்டெல் வெளியிட்ட பி.எம்.டி.கே. என்னும் நிரல்நூலகமும் இதையொட்டியே அமைந்தது: 256 பைட்டுக்குக் குறைந்தால் கேஷ் வழி, அதற்கு மேற்பட்டால் நேர்வழி.

ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலில் டி.எம்.ரைட்கேஷ் என்றொரு பகுதி உள்ளது. மெதுவான வட்டுக்குப் போக வேண்டியவற்றை மறவா நினைவகத்தில் முதலில் வாங்கிவைக்கும் பகுதி அது. அதை எழுதியவர்கள் இரு வழிகளையும் ஓடவிட்டு அளந்து, அந்த எண்களை நிரலுக்குள்ளேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். 512 பைட் தொகுதிக்கு நேர்வழி நொடிக்கு 496 மெகாபைட், கேஷ் வழி 373. எதிர்பார்த்ததே. 1024 பைட்டில் நேர்வழி 642. கேஷ் வழி 688. தராசு சாய்ந்துவிட்டது! 2048இல் 725க்கு எதிராக 1.1 ஜிகாபைட். 4096இல் 744 மெகாபைட்டுக்கு எதிராக 1.2 ஜிகாபைட். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு 4096 பைட் தொகுதிக்கு நேர்வழியில் ஏறத்தாழ ஐந்தரை மைக்ரோநொடியும், கேஷ் வழியில் மூன்றரைக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகிறது. எனவே 2020இல் அவர்கள் செய்த விதி: 768 பைட்டும் அதற்கு மேலும் என்றால் கேஷ் வழி, குறைந்தால் நேர்வழி. (512க்கும் 1024க்கும் சரியான நடுப்புள்ளி 768 என்பதைக் கணித நண்பர்கள் கவனித்திருப்பர்.)

பாருங்கள் விந்தையை! சிறியதற்குக் கேஷ், பெரியதற்கு நேர்வழி என்கிறது ஒரு நிரல். சிறியதற்கு நேர்வழி, பெரியதற்குக் கேஷ் என்கிறது மற்றொன்று. இரண்டும் அறிந்தவர்கள் எழுதியவை. இரண்டும் ஒரே வகை நினைவகத்துக்கு எழுதப்பட்டவை. இரண்டுமே சரி என்பதே என் கருத்து. பி.எம்.டி.கே. நேர்வழியில் எழுதும்போது 16, 32, 64 பைட் அகலமுள்ள பெரும் பதிவகங்களைப் பயன்படுத்த வல்லது. இயங்குதளத்தின் உட்பகுதியோ அந்தப் பதிவகங்களைத் தொட்டால், அவற்றில் பயனாளர் வைத்திருந்ததைப் பத்திரப்படுத்தித் திருப்பித்தரும் சுமை வந்து சேரும். ஆகவே 8 பைட் கட்டளையோடு நின்றுகொள்கிறது. 4096 பைட்டுக்கு அந்தப் பக்கம் 64 எழுத்துகள் போதும். இந்தப் பக்கம் 512 வேண்டும். 'நேர்வழி' என்ற பெயர் ஒன்றே தவிர நடப்பது ஒன்றன்று. தங்கள் பகுதி ஒற்றை இழையில் ஓடுவதால்தான் இந்த முடிவு என்றும், 64 பைட்டை ஒரே வீச்சில் நேரே எழுதும் மூவ்.டிர்.64பி என்ற புதிய கட்டளை கைக்கு வந்தால் மறுபடி அளந்து பார்க்க வேண்டும் என்றும் அந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது. பாடநூல்களில் விதி இருக்கும். அந்த விதி எந்த நிலையில் பொய்க்கும் என்பது பெரும்பாலும் இராது.

கேஷ் வழி என்றாலும் அதிலும் ஒரு முறை உண்டு. 4096 பைட்டையும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக அனுப்புவதில்லை. 64 பைட் எழுது, உடனே அந்த வரியை அனுப்பு; அடுத்த 64 எழுது, அனுப்பு என்று போகிறது அந்த நிரல். வேலி மட்டும் முடிவில். 'அனுப்பாமல் விட்டால் கேஷ் தானே அனுப்பட்டுமே, நமக்கு வேலை மிச்சம்' என்று நினைப்பவர் விரைவிலும் ஏமாறுவர். ஆப்டேன் பலகை தன்னுள்ளே 256 பைட் துண்டுகளாகவே எழுதும். அடுத்தடுத்த நான்கு வரிகள் ஒன்றாக வந்தால் ஒரே எழுத்தில் முடியும். கேஷின் போக்குக்கு விட்டால் வரிகள் முன்பின்னாகச் சிதறி வரும். ஒவ்வொரு 64 பைட்டுக்கும் 256 பைட்டைப் படித்து, மாற்றி, எழுத நேரும். நான்கு மூட்டைக்கு ஒரு நடை போகவேண்டியவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை போவதற்கு ஒப்பாகும் அது.

ஓரங்களைப் பற்றியும் ஒரு சொல். நூறு பைட் என்றால் இரண்டு வரிதானே என்று அனுப்பும் கட்டளையை இரு முறை போடுவோர் உண்டு. அந்த நூறு பைட் ஒரு வரியின் 60ஆம் பைட்டில் தொடங்கினால்? முதல் வரியில் 4, இரண்டாவதில் 64, மூன்றாவதில் 32 என மூன்று வரிகளில் அது பரவியிருக்கும். மூன்றாம் வரி அனுப்பப்படாமல் கேஷிலேயே தங்கும். சோதனையின்போது எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் படிக்கும்போது கேஷிலிருந்து சரியான விடைதான் வரும். மின்சாரம் போகும் நாளில்தான் குட்டு வெளிப்படும். லினக்ஸில் இவ்வேலைக்கென 2017இல் சேர்ந்த நகலெடுக்கும் செயற்கூறு, 8 பைட்டுக்கு நேராக அமையாத தலையையும் வாலையும் சாதாரணமாக எழுதி அவற்றின் வரிகளைத் தனியே அனுப்பிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் நேர்வழியில் எழுதுகிறது. நூறு வரி நிரலில் எண்பது வரி ஓரங்களுக்கே என்று நம் பேராசிரியர்கள் சொல்வது இதைத்தான்.

2021இல் வந்த மூன்றாம் தலைமுறை ஜியான் செயலிகளில் கேஷையும் சேர்த்துக் காக்கும் ஈ.ஏ.டி.ஆர். என்ற ஏற்பாடு வந்தது. மின்சாரம் நின்றால், சேமித்த ஆற்றலைக் கொண்டு கேஷ் முழுவதும் வெளியேற்றப்படும். அத்தகைய பொறியில் வரி வரியாக அனுப்பும் வேலை மிச்சம். வரிசை காக்கும் பொறுப்பு மட்டும் நிரலாளனுக்கு எஞ்சும். ஆனால் எல்லாப் பொறியும் அப்படியன்று. ஓடும் பொறி எத்தகையது என்று கேட்டறிந்து அதற்கேற்ப நடப்பதே நல்ல நிரலுக்கு அழகு.

இவற்றையெல்லாம் பழகிப்பார்க்க விலையுயர்ந்த பலகை வேண்டுமோ என்று தயங்க வேண்டியதில்லை. லினக்ஸ் தொடங்கும்போதே 'மெம்மேப்' என்னும் அளபுருவைக் கொடுத்து, சாதாரண நினைவகத்தில் ஒரு பகுதியை மறவா நினைவகம்போல் பாவிக்கச் செய்யலாம். மின்சாரம் போனால் அது மறந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் கட்டளைகள் அதே கட்டளைகள். 256, 512, 768, 1024 என்று அளவை ஏற்றிக்கொண்டே போய் இரு வழிகளுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தால், இரு கோடுகளும் எங்கே வெட்டுகின்றன என்று தெரிந்துவிடும். ஆப்டேனில் அளந்தவர்களுக்குக் கிடைத்த இடத்தில் நமக்கு அது கிடைக்காது. நம் ஆய்வுக்கூடத்துப் பொறிகளே ஒன்றுக்கொன்று வேறானவை. மூன்றாம் வரிசைப் பொறியில் ஓரிடத்திலும், சன்னலோரப் பொறியில் வேறோரிடத்திலும் அவை வெட்டக்கூடும். விரும்பும் நண்பர்கள் செய்முறை வகுப்பு முடிந்த பின் என்னோடு சேர்ந்து அளக்கலாம்.